எடைமேடையில் ஏறிய குப்பை



என் ஊர் தெப்பக்காடு. இதைச் சொன்னதும் ஹாஸ்டலில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஆஸ்கர் வாங்கின யானையை நேர்ல பார்த்திருக்கியா?" என்பதுதான். 2023-ல் அந்தப் படத்துக்கு விருது கிடைத்த பிறகு எங்கள் முகாமுக்கு வருகிற கார்களின் எண்ணிக்கை எக்கச்சக்கம். பார்த்திருக்கிறேன் நண்பர்களே, தினமும் பார்க்கிறேன். சாயங்காலம் ராகிக் களி உருண்டையும் கொள்ளும் வெல்லமும் கொடுக்கிற நேரத்தில் கூட்டம் அலைமோதும். கூட்டம் கலைந்த பிறகு மாயாற்றுப் பாலத்தின் ஓரமாக நடந்து பாருங்கள். சிப்ஸ் கவர், குழந்தைக்கு மாட்டிய டயப்பர், உடைந்த பாட்டில் எல்லாம் கிடக்கும். பாட்டில் துண்டு யானையின் பாதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று பாகன்களைக் கேட்டால் சொல்வார்கள். மெத்தென்ற பாதம் அது. உள்ளே புண் வைத்து, சீழ் பிடித்து, நடக்க முடியாமல் போன காட்டு யானைக்கு யார் மருந்து போடுவது?

ஆனால் நான் எழுத வந்தது யானையைப் பற்றி அல்ல. என் அம்மா ஒரு உள்ளாட்சியில் தூய்மைப் பணியாளர். உள்ளாட்சியின் ஆள் கிடையாது, காண்ட்ராக்டரின் ஆள். எந்த ஊர், எந்தக் காண்ட்ராக்டர் என்று எழுதினால் அம்மாவுக்கு வேலை போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன். போன வருடம் அம்மாவையும் இன்னும் நாலு பேரையும் குப்பை பிரிக்கிற ஷெட்டில் போட்டார்கள். மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி. அம்மா எதைச் செய்தாலும் மும்முரமாகச் செய்கிறவள். ஒரு வாரத்தில் காய்கறிக் கழிவை முழுக்க உரக்குழிக்கும், அட்டை, பாட்டில், தகரத்தைப் பழைய பொருள் வாங்குகிறவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். மேஸ்திரி வந்து பாராட்டுவார் என்று பார்த்தால், "ஏம்மா, இவ்வளவு பிரிக்காதே, வண்டியில எடை நிக்க மாட்டேங்குது" என்றாராம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "ஏன்டா, குப்பை குறைஞ்சா அவங்களுக்கு நல்லதுதானே? நீ இன்ஜினீயரிங் படிக்கிற, சொல்லேன்."

எனக்கும் பதில் தெரியவில்லை. டிப்ளமோ சிவில் மூன்றாம் வருடம், என்விரான்மென்டல் இன்ஜினீயரிங்கில் பாஸ் வேறு! அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நகரக் குப்பையை அள்ளுவது நகராட்சியின் கடமை. அதைத் தானே செய்யாமல், ஒரு தனியாரோடு ஒப்பந்தம் போட்டு, "நீ வண்டி கொண்டு வா, ஆள் கொண்டு வா, நான் பணம் தருகிறேன்" என்று சொன்னால் அதற்குப் பொது-தனியார் கூட்டு என்று பெயர். காரணங்கள் இல்லாமல் இல்லை. குப்பைக்காக ஒரு நகராட்சி செலவழிக்கிற பணத்தில் பெரும்பகுதி அள்ளுவதற்கும் ஏற்றிச் செல்வதற்குமே போய்விடுகிறது, கடைசியில் பதப்படுத்த மிச்சமில்லை. புது வண்டி வாங்கப் பணம் இல்லை, புது ஆள் எடுக்க அனுமதி இல்லை. தனியார் வந்தால் முதல் போடுவார், மேலாண்மை தெரிந்தவராக இருப்பார் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தனியாருக்கு *எதை அளந்து* காசு கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேஸ்திரி சொன்னதன் அர்த்தம் இதுதான்: அங்கே குப்பைக்கு டன் கணக்கில் பில்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இவை நானாக வைத்துக்கொண்ட எண்கள், எந்த ஊரின் கணக்கும் அல்ல. நாற்பதாயிரம் பேர் உள்ள ஒரு மலை நகரம், தினமும் 20 டன் குப்பை. டன்னுக்கு 1,500 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 30,000, மாதம் 9 லட்சம். நம் நாட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கக்கூடியது. எல்லா வீட்டிலும் என் அம்மா மாதிரி ஒருத்தி இருந்து, அந்தப் பாதியை அங்கங்கேயே உரமாக்கிவிட்டால், எடைமேடையில் ஏறுவது 10 டன். ஊருக்கு நல்லது, காட்டுக்கு நல்லது. காண்ட்ராக்டருக்கு? மாதம் நாலரை லட்சம் அவுட்! டிரைவர் சம்பளம், டீசல், வண்டித் தவணை எதுவும் பாதியாகாது. அவர் என்ன தர்மத்துக்கா வந்திருக்கிறார்? "பிரிக்காதே" என்றுதான் சொல்வார்.

இன்னொரு விஷயம், மழை. மக்கும் குப்பையில் ஏற்கெனவே பாதிக்குப் பாதி தண்ணீர். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் திறந்த வண்டியில் வைத்த குப்பை ஊறிப்போகும். டன் கணக்கில் பில் போட்டால் நாம் மழைத் தண்ணீரையும் காசு கொடுத்து மலையில் ஏற்றி இறக்குகிறோம் என்று அர்த்தம். சர்வே லேபில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் திட்டு வாங்குகிற நாம், இதை யோசித்திருக்கிறோமா?

நம் மாநிலத்தில் இது பெரிய அளவில் நடந்தது சென்னையில். அப்போது சென்னை மாநகராட்சிக்குப் பத்து மண்டலங்கள். 2000-ஆம் ஆண்டில் அதில் மூன்று மண்டலங்களின் குப்பையை அள்ளும் வேலை ஏழு வருட ஒப்பந்தத்தில் ஓனிக்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போனது. சீருடை, புது வண்டி, ராத்திரியில் கழுவின தெரு என்று சென்னைக்காரர்கள் அசந்துபோனார்கள். குப்பை வண்டிக்கே 'ஓனிக்ஸ் வண்டி' என்று பேர் ஆகிவிட்டது. அந்த நிறுவனம் போய்ப் பல வருடம் கழித்தும் என் சென்னைச் சித்தப்பா அப்படித்தான் சொல்கிறார். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்: தெரு சுத்தமானது நிஜம்.

ஆனால் பணம் கொடுத்தது டன்னுக்கு. வீட்டுக் குப்பையோடு கட்டட இடிபாட்டையும் சேர்த்து எடை ஏற்றுகிறார்கள் என்று புகார் கிளம்பியது. நிரூபணமா, அரசியலா என்பது எனக்கு முக்கியமில்லை. சிவில் மாணவனாகப் பார்க்கும்போது அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது தெரிகிறது. ஒரு கன மீட்டர் வீட்டுக் குப்பை சுமார் 400-லிருந்து 500 கிலோ. செங்கல், காரை சேர்ந்த இடிபாடு அதைப்போல் மூன்று மடங்கு. அதே வண்டி, அதே டீசல், பில் மட்டும் மூன்று மடங்கு! அள்ளிய குப்பை எங்கே போனது? கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும், முன்னால் போன மாதிரியே. தெரு சுத்தமானது, மேடு உயர்ந்தது. அந்த மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பதற்கு இப்போது தனியாகக் கோடிக் கணக்கில் டெண்டர் விட வேண்டியிருக்கிறது. முதலில் ஏற்றுவதற்கு ஒரு காசு, பிறகு இறக்குவதற்கு ஒரு காசு.

2007-ல் ஓனிக்ஸ் போய் நீல் மெட்டல் பனால்கா வந்தது. குப்பை அள்ளவில்லை என்று புகார் மேல் புகார், 2011-ல் ஒப்பந்தம் ரத்து. பிறகு ராம்கி வந்தது. 2020 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டு உர்பேசரும் இந்திய சுமீத்தும் சேர்ந்த நிறுவனம் ஏழு மண்டலங்களை எடுத்தபோதுதான் ஒரு முக்கியமான மாற்றம். டன் கணக்கை விட்டுவிட்டு, வேலையின் தரத்தை அளந்து பணம் என்றார்கள். வீடு வீடாகப் போனாயா, பிரித்து வாங்கினாயா, புகாரைத் தீர்த்தாயா என்று மதிப்பெண் போட்டு, குறைந்தால் பணத்தைப் பிடிப்பது. நம் இன்டர்னல் மார்க் மாதிரி! இருபது வருடம் கழித்தாவது பாடம் புரிந்ததே என்று எனக்கு சந்தோஷம். ஆனால் இன்டர்னல் மார்க்கை யார் போடுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்தானே? அளக்கிறவரும் அளக்கப்படுகிறவரும் சேர்ந்து டீ குடித்தால் எந்த மதிப்பெண் முறையும் வெறும் காகிதம்தான்.

கோயம்புத்தூர் நமக்கு இன்னும் பக்கம். வெள்ளலூர் கிடங்கில் குப்பையைப் பதப்படுத்த 2000-களின் பிற்பகுதியில் மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டப் பணத்தோடு தனியார் கூட்டு ஒன்று போட்டார்கள். அப்படியும் அங்கே குப்பை மலையாகத்தான் நின்றது. 2024 ஏப்ரலில் அந்த மலை பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் எரிந்தது. பிரிக்காத ஈரக் குப்பை உள்ளே சென்றால் எந்த இயந்திரமும் திணறும். ஈரத்தில் உரத்துக்குள் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வரும், எரிக்கலாம் என்றால் பற்றாது. வாசலில் பிரிக்காத குப்பையைக் கிடங்கில் பிரிக்கிறேன் என்பது, கரைத்த சிமென்ட் கலவையிலிருந்து மணலைத் திரும்ப எடுக்கிறேன் என்பது மாதிரி.

தொழிலாளிகள் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் அவசரமாகத் தாண்டிப் போக முடியாது. தனியாருக்குக் கொடுத்தால் செலவு குறைகிறது என்று பல அறிக்கைகள் சொல்லும். எங்கே குறைகிறது என்று கேளுங்கள். வண்டி நன்றாகத் திட்டமிட்டு ஓடுவதால் குறைகிறதா, அல்லது ஆளின் சம்பளம் குறைவதால் குறைகிறதா? முதலாவது திறமை. இரண்டாவது, ஒருத்தர் பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொருத்தர் பாக்கெட்டில் போடுவது. 2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தபோது, அதுவரை தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மாநகராட்சிக்காக வேலை செய்த தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். கையில் வருகிற சம்பளம் மாதம் பல ஆயிரம் குறையும், வருடக் கணக்காகக் காத்திருந்த பணி நிரந்தரமும் கனவாகிவிடும் என்பது அவர்களுடைய பயம். ஆகஸ்ட் 13 ராத்திரி போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்தச் செய்தியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எதுவும் பேசாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கே காண்ட்ராக்டர் மாறிய சமயத்தில் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. பழையவர் "புதியவரைக் கேள்" என்றார், புதியவர் "அது பழைய கணக்கு" என்றார். பி.எஃப். பிடித்ததாகச் சீட்டில் இருக்கிறது, கணக்கில் பாதி மாதங்கள் காணோம். உள்ளாட்சியில் போய்க் கேட்டால் "நீங்க எங்க ஆள் இல்லையேம்மா" என்றார்கள். நண்பர்களே, இது தவறு. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த முதன்மை முதலாளி தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த காலத்திலிருந்தே உள்ள விஷயம். நம்மில் பலர் நாளைக்கு சைட் சூப்பர்வைசராகப் போகப்போகிறோம், மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போடப்போகிறோம். அப்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

அப்போ தனியாரே வேண்டாமா? அப்படியும் நான் சொல்லவில்லை. தனியார் என்றால் பெரிய கம்பெனி என்று மட்டும் ஏன் நினைக்க வேண்டும்? சென்னையில் 1989-ல் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா இயக்கத்தை ஆரம்பித்தார். தெருக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு ஆளை வைத்து, மூன்று சக்கர வண்டி கொடுத்து, வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அவர் வரவில்லையென்றால் தெருவே கேட்கும். புனேயில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே 1993-ல் சங்கம் வைத்தார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்போடு 2008-ல் புனே மாநகராட்சியே ஒப்பந்தம் போட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், வீடு வீடாக வாங்குகிறார்கள். வீடு தருகிற கட்டணமும் அவர்களுக்கு, பிரித்து விற்ற அட்டை, பாட்டில் காசும் அவர்களுக்கு. அங்கே "பிரிக்காதே" என்று எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டார், ஏனென்றால் பிரிப்பதில்தான் வருமானமே! நம் குன்னூரிலும் ஒட்டுப்பட்டறைக் குப்பைக் கிடங்கில் நகராட்சியோடு 'க்ளீன் குன்னூர்' என்ற தன்னார்வ அமைப்பு சேர்ந்து, குப்பையைப் பிரித்துக் கட்டுக் கட்டாக மறுசுழற்சிக்கு அனுப்புகிற மையமாக மாற்றியிருக்கிறது. ஊட்டிக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்க்கலாம்.

காசு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பாட்டிலும் போகும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. காட்டில் உடைந்த பாட்டில் கிடப்பது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கிடைக்கும். முதல் சில மாதங்களிலேயே பாதிக்கு மேல் திரும்பி வந்தது. வீசி எறிந்ததையும் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் சிலருக்கு அது கைச்செலவு. (குடிக்கிறவர்களால் படிக்கிறவர்களுக்கு வந்த ஒரே லாபம்!) அபராதம், போர்டு, விழிப்புணர்வு ஊர்வலம் எல்லாம் வருடக் கணக்காகச் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. கடை ஊழியர்களுக்குத்தான் வேலை கூடிவிட்டது, பாட்டில் அடுக்க இடம் இல்லை என்று அவர்கள் போராடியதும் நியாயமே. இங்கேயும் அந்த உழைப்புக்கு யார் கூலி என்று முதலில் யோசிக்கவில்லை.

இனி என் உதாரண ஊருக்கே திரும்புகிறேன். டன்னுக்கு 1,500 என்பதை விட்டுவிட்டு, வீடும் கடையும் சேர்த்து 9,000 வாசல், வாசலுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்தால் அதே 9 லட்சம். கூடவே ஒரு நிபந்தனை: கடைசியில் கிடங்குக்குப் போகிற ஒவ்வொரு டன்னுக்கும் 500 ரூபாய் பிடித்தம். மாதம் 600 டன்னும் அப்படியே போனால் 3 லட்சம் போச்சு. பாதியாக்கினால் ஒன்றரை லட்சம் அவருக்கு மிச்சம். இப்போது அதே மேஸ்திரி அம்மாவைப் பார்த்து என்ன சொல்வார்? "இன்னும் கொஞ்சம் பிரிம்மா" என்பார்! எடைமேடை அதேதான், அது எந்த வாசலில் நிற்கிறது என்பதுதான் மாற்றம்.

இதிலும் ஓட்டை இருக்கிறது, என் நண்பன் ஒருவன் உடனே கண்டுபிடித்துவிட்டான். கிடங்குக்குப் போனால்தானே பிடித்தம்? ராத்திரி கொண்டைஊசி வளைவில் வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பள்ளத்தில் கொட்டிவிட்டால்? சமவெளியில் இதைச் செய்தால் யாராவது பார்ப்பார்கள். எங்கள் பக்கம் பார்க்கிறது காட்டெருமைதான். ஆகையால் வாசலில் எவ்வளவு வாங்கினார், ஷெட்டில் எவ்வளவு பிரித்தார், உரமாக எவ்வளவு, பழைய பொருளாக எவ்வளவு, கிடங்குக்கு எவ்வளவு என்று எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய சரியாக வர வேண்டும் (உரக்குழியில் ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு ஒரு கழிவு). நாம் படித்த மாஸ் பேலன்ஸ்தான். கணக்கு உதைத்தால் வண்டி எங்கேயோ நின்றிருக்கிறது. அந்த வரவு செலவை வார்டு வாரியாக நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும், மீதியை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சென்னை டெண்டரை அப்படியே காப்பி அடித்து மலைக்குக் கொண்டுவருவதும் தப்பு. இங்கே பாதி வீடுகளுக்கு ரோடு இல்லை, படிக்கட்டு. அமுக்கி ஏற்றுகிற பெரிய வண்டி மெயின் ரோட்டில் நிற்கும், எஸ்டேட் லயன் வீடுகளுக்குத் தலைச்சுமைதான். சீசன் வேறு: ஏப்ரல், மே மாதங்களில் குப்பை எகிறும், நவம்பரில் படுத்துவிடும். வருடம் முழுக்க ஒரே ஆள் கணக்கு போட்டால் சீசனில் அம்மா மாதிரி ஆட்கள்தான் இரண்டு ஷிப்ட் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, சம்பளம் ஒன்றுக்கு. 2024 மே 7 முதல் ஊட்டி வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. எத்தனை வண்டி, எந்த நாள் என்று அதிலே கணக்கு வந்துவிடும்போது, அதை வைத்தே சீசனுக்கு எத்தனை கூடுதல் ஆள் என்று ஒப்பந்தத்தில் எழுதலாமே? ஏன் எழுதவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் சரிபார்க்க முதலில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். அது ரகசியம் என்று நினைக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். நான் கேட்டது நாலே விஷயம்: பில் டன்னுக்கா, வாசலுக்கா? எடைமேடைச் சீட்டில் உள்ளாட்சி சார்பில் யார் கையெழுத்துப் போடுகிறார்? ஒப்பந்தப்படி ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு கூலி காட்டப்பட்டிருக்கிறது? காண்ட்ராக்டர் மாறும்போது பாக்கிச் சம்பளம் யார் பொறுப்பு?

மனுவை என் பெயரில்தான் போட்டேன். அம்மா பயந்தாள், "உன் இனிஷியலைப் பார்த்து யாரும் கண்டுபிடிச்சிட மாட்டாங்களே?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு அவளே தபால் ஆபீஸ் வரை கூட வந்தாள். போட்டு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

- மூன்றாமாண்டு சிவில் மாணவன், தெப்பக்காடு